அளவு கேட்காத சட்டைகள்

தாய்லாந்தில் ஆரம்பப் பாடசாலைக்குப் போகும் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையைக் கிட்ட நின்று பார்த்தால், மார்பின் ஒரு பக்கத்தில் பாடசாலையின் பெயர் சுருக்கமாகவும் மறுபக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் நூலால் தைக்கப்பட்டிருக்கும். எல்லாப் பாடசாலைகளிலும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் மிகப் பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம். நமது சீருடையில் இப்படியொன்று இல்லாததால் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஒருவர் போட்ட சட்டையை இன்னொருவருக்குக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பிறகுதான் புரிந்தது. நூலைப் பிரித்து எடுத்தாலும் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும். அந்தப் பிள்ளை போட்டிருப்பது வேறொருவரின் சட்டை என்பதை முழு வகுப்பும் வாசித்துவிடும்.

கடந்த தவணையில் எமது வகுப்பறையின் மூலையில் பழைய உடுப்புச் சேர்க்க ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தோம். இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தேன். பொத்தான் இல்லாத ஒரு சேர்ட், ஒற்றைக் காலுறை, கல்யாண வீட்டுக்குப் போட்ட மினுமினுப்புச் சட்டை ஒன்று. மேலே யாரோ ‘அல்லாஹ்வுக்காக’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. பெட்டி வைத்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் வாப்பா பேருவளைக்காரர். மாணிக்கக் கல் வியாபாரம். எங்கள் ஊரில் கல் வியாபாரம் செய்யும் வீடுகளில் பாங்கொக்கை அறியாத வீடு குறைவு. நம் நாட்டில் கெவுடா என்று சொல்லப்படும் பால் நிறக் கற்களை 1970களில் குறைந்த விலைக்கு வாங்கிப்போய், சூடேற்றி நீலமாக்கி விற்றுப் பணம் பார்த்தவர்கள் தாய்லாந்து வியாபாரிகள். அந்தக் கதையை வாப்பா பெருமூச்சோடுதான் சொல்வார். அந்தத் தொழில்தான் 2016 முதல் 2019 வரை எங்கள் குடும்பத்தையும் பாங்கொக்கில், சீலோம் வீதிக்கு அண்மையில் ஒரு சிறிய வீட்டில் இருத்தியது. அங்கே நம் நாட்டுக் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போவார்கள். பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே தையற்கடை வைத்திருந்த ஒரு அம்மா இருந்தார். ‘பா’ என்று அழைப்போம். அந்த மொழியில் அதற்குப் பெரியம்மா என்று அர்த்தம். (‘தாய் மொழியில்’ என்று எழுதத்தான் கை வந்தது. எழுதினால் நீங்கள் வேறு அர்த்தம் எடுப்பீர்கள்.) பாவின் தங்கை வடமேற்கே மே ஹொங் சொன் மாகாணத்தில் ஒரு மலைப் பாடசாலையில் ஆசிரியை. பர்மா எல்லையை ஒட்டிய மாகாணம் அது. சியாங் மாயிலிருந்து அங்கே போகும் மலைப்பாதைக்கு 1,864 வளைவுகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை எண்ணியவர் வாந்தி எடுக்காமல் எண்ணினாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அந்தப் பாடசாலையில் 64 பிள்ளைகள். எல்லோரும் கரென் இனத்தவர். வீடு தூரமான பிள்ளைகள் வார நாட்களில் பாடசாலையிலேயே தங்கிப் படிப்பார்கள்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை அந்த மலைகளில் குளிர். இரவில் 10 பாகைக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. பாங்கொக்கில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் போர்வையும் உடுப்பும் சேர்த்து மலைக்கு அனுப்புவது ஒரு பெரிய வழக்கம். கம்பனிகள், பல்கலைக்கழகங்கள், பன்சலைகள் எல்லாம் லொறிகளில் கொண்டுபோவார்கள். 2017 டிசம்பரில் உம்மாவும் மற்ற மாமிமாரும் சேர்ந்து நாமும் செய்வோம் என்று தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் ஒன்பது மூட்டை சேர்ந்தது. கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். ஆசிரியையிடமிருந்து மிகவும் பணிவான நன்றிச் செய்தி வந்தது. எங்கள் எல்லோருக்கும் பெருநாள் மாதிரி இருந்தது.

ஒரு மாதம் கழித்து, கூச்சப்பட்டுக்கொண்டே பா உண்மையைச் சொன்னார். அந்த ஒன்பது மூட்டையையும் தரம் பிரிக்க ஆசிரியைகளுக்கு மூன்று நாள் போயிருக்கிறது. பாதிக்கு மேல் பெரியவர்களின் உடுப்பு. பாடசாலையின் களஞ்சிய அறையில் அதற்கு முந்திய வருடம் லொறிகளில் வந்த உடுப்பே இன்னும் குவிந்து கிடந்தது. எலி வந்துவிட்டது. எங்கள் மூட்டையில் மூன்று நான்கு வெள்ளைச் சீருடைச் சட்டைகளும் இருந்தன. யாருடையவோ பெயரைப் பிரித்தெடுத்த துளைகளோடு.

உம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. ‘நாங்க அலுமாரியைத்தான் சுத்தம் பண்ணியிருக்கிறோம்’ என்று வாப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தப் பிள்ளைகளுக்கு உடுப்பு இல்லை என்று நாங்கள் நினைத்ததே பிழை. கரென் பெண்கள் நெசவுக்காரர்கள். இடுப்பில் பட்டை கட்டி, தறியின் மறுமுனையைத் தூணிலோ மரத்திலோ மாட்டி, தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். மணமாகாத பெண்பிள்ளைகள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை நீண்ட வெள்ளை அங்கி அணிவது அவர்கள் மரபு. மணமான பின்னர்தான் நிறமான மேற்சட்டையும் சாரமும். தன் பிள்ளைக்குத் தன் கையால் துணி நெய்யும் தாய்க்கு நாங்கள் பழைய டீசேர்ட் அனுப்பியிருக்கிறோம்.

அவர்களிடம் இல்லாதது சீருடை. அரசாங்கம் அணியச் சொல்கிற, கடையில் மட்டும் கிடைக்கிற, வருடம்தோறும் பணம் கேட்கிற உடுப்பு. தாய்லாந்தில் 2008இல் இதற்கென்றே மாணவர் சீருடைச் சட்டம் ஒன்றை இயற்றியிருக்கிறார்கள். சாதாரண நாட்களுக்கு வெள்ளைச் சட்டையும் பாவாடையும், ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேர்ட்டும் காற்சட்டையும். நாங்கள் இருந்த காலத்தில் வாரத்தில் ஒரு நாள் சாரணர் உடை. அதற்குக் கழுத்துத் துணி, வளையம், தொப்பி, பட்டி என்று தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது. உடற்பயிற்சி நாளுக்கு வேறு உடை. பல பாடசாலைகளில் ஒரு நாள் அந்தந்த ஊரின் மரபு உடை. அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் மலைத் தாய்மார் கடைக்குப் போகத் தேவையில்லை.

அரசாங்கம் ஒன்றும் கொடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. 2009 முதல் அங்கே 15 வருட இலவசக் கல்வித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் சீருடைக்கும் பணம் உண்டு. நாங்கள் இருந்த காலத்தில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு வருடத்துக்கு 360 பாத். உம்மாவின் கணக்குக் கொப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அந்த மலையடிவார நகரத்துக் கடையின் விலை எழுதப்பட்டுள்ளது: சட்டை 160, பாவாடை அல்லது காற்சட்டை 190. ஒரு சோடிக்கே 350 பாத். மிச்சம் பத்து. சாரணர் உடை, சப்பாத்து, உள்ளாடை எல்லாவற்றுக்கும் அந்தப் பத்துப் பாத்தான்.

இம்முறை உம்மா பாவின் தங்கையோடு தொலைபேசியில் பேசினார். என்ன அனுப்பட்டும் என்று கேட்கவில்லை. என்ன அனுப்ப வேண்டாம் என்று முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் ஆசிரியை மனம் திறந்தார் என்று நினைக்கிறேன். பழைய உடுப்பு வேண்டாம். பொம்மை வேண்டாம். டிசம்பரில் வேண்டாம், மே மாத நடுப்பகுதியில் முதலாம் தவணை தொடங்குவதற்கு முன் வேண்டும். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு உள்ளாடை இல்லை, அதை யாரும் கொண்டுவருவதில்லை என்றார். இதை இந்தச் சஞ்சிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். இது பெண்கள் கல்லூரி. நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவது?

இன்னொரு நிபந்தனையும் போட்டார். கொடுத்தால் 64 பேருக்கும் கொடுக்க வேண்டும். மிக ஏழைகள் இருபது பேரைப் பொறுக்கித் தாருங்கள் என்று கேட்டால் தன்னால் முடியாது என்றார். புதுச் சட்டை போட்ட இருபது பேரும் அன்றிலிருந்து ‘தர்மச் சட்டைக்காரர்’ ஆகிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டு மாதமாகப் பணம் சேர்த்தோம். ஸக்காத் பணத்தை இதில் சேர்ப்பதில்லை, ஸதகா மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்தார்கள். ஆனாலும் கேள்வி வந்தது. பௌத்தர்களும் கிறிஸ்தவர்களுமான பிள்ளைகளுக்கு நாம் ஏன்? ஊரில் நம் பிள்ளைகள் இல்லையா? இப்படிக் கேட்டவர் கெட்ட மனிதர் அல்ல. ஊரில் இரண்டு அநாதைப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கொண்டிருந்தவர்தான். வாப்பா சொன்ன பதில் எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. ‘நாம இந்த நாட்டுத் தண்ணியைக் குடிக்கிறோம், இந்த நாட்டில கல் விற்கிறோம், பக்கத்து வீட்டுக்காரன் என்ன மதம் என்று மார்க்கம் கேட்கச் சொல்லவில்லையே.’ அவர் யோசித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை 500 பாத் கொடுத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புவதையும் அவர் நிறுத்தவில்லை. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதுக்குக் குறைந்துவிடும் என்ற பயம், கொடுத்துப் பழகாதவர்களிடம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

பெரிய பிரச்சினை வேறோர் இடத்திலிருந்து வந்தது. 38,000 பாத் வரை வாக்குறுதி கிடைத்திருந்தது. அதில் 9,000 ஒரே ஒருவருடையது. அவர் ஒரு பதாகை அடிக்கலாம் என்றார். கொடுத்த குடும்பங்களின் பெயர் போட்டு, பிள்ளைகளை அதன் கீழே வரிசையாக நிறுத்தி, பொதிகளை நீட்டியபடி ஒரு படம். அந்த நாட்டில் அது சாதாரணம். குளிர்காலத்தில் போகும் லொறிகள் எல்லாம் அப்படித்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்பும். உம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி, பெற்றவரின் மனதை நோகச் செய்தால் அந்தத் தர்மமே பாழாகிவிடும் என்று நமக்குப் படித்துத் தந்திருக்கிறார்கள். பதாகை என்பது சொல்லிக்காட்டுதல் இல்லாமல் வேறு என்ன என்பது உம்மாவின் கேள்வி. அவர் கோபித்துக்கொண்டு அந்த 9,000ஐயும் தரவில்லை.

எனக்கு அப்போது உம்மாவின் மேல்தான் கோபம் வந்தது. ஒரு படத்துக்காக இருபது பிள்ளைகளின் சட்டையை இழப்பதா? கணக்குப் போட்டால் 9,000 பாத் சரியாக இருபது பிள்ளைகளுக்கான காசு. இப்போதும் இந்த விடயத்தில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் இன்னும் பத்துப் பேர் கொடுக்க முன்வருவார்கள் என்பதும் உண்மை. பணம் எங்கே போனது என்று கொடுத்தவர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்குக் கொப்பி இருக்கிறது. பிள்ளையின் முகம் எதற்கு? நம்மில் ஒருத்தி பொதியை வாங்கும் படம் பத்து வருடம் கழித்து, அவள் பட்டம் பெற்று வேலைக்குப் போகும் நாளில், யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் கிடந்தால் அவளுக்கு எப்படியிருக்கும்? அதை நினைக்கும்போது உம்மாவின் பக்கம்தான் சாய்கிறேன்.

மிஞ்சியது 29,000 பாத். சட்டை, பாவாடை 350. உள்ளாடை, காலுறை 100. ஒரு பிள்ளைக்கு 450. 64 பிள்ளைகளுக்கு 28,800. பெயர் தைக்கும் கூலி ஒரு பிள்ளைக்கு 20 பாத். அதற்குக் காசில்லை. சாரணர் உடையை நினைக்கவே முடியவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போகும் சாரணர் உடைகளைப் பாடசாலையிலேயே வைத்து மாற்றி மாற்றிப் பாவிக்க ஆசிரியை ஓர் ஒழுங்கு செய்தார்.

எங்கே வாங்குவது என்பதிலும் வாக்குவாதம் நடந்தது. பாங்கொக்கில் போ பே என்று மொத்த விலை உடுப்புச் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே சட்டை நிச்சயம் மலிவு. மாமிமாருக்குப் பேரம் பேசுவதில் இருந்த ஆசையையும் சொல்ல வேண்டும். ஆனால் அளவு பிழைத்தால் மலையிலிருந்து அதை யார் திருப்பி அனுப்புவது? முதல் முறை பட்டது போதும் என்று மலையடிவார நகரத்தில் உள்ள சிறிய கடையிலேயே வாங்கினோம். பிழைத்தால் மாற்றித்தருவதாகக் கடைக்கார அம்மா வாக்குக் கொடுத்தார். 64 பிள்ளைகளுக்கும் தன் கடையிலேயே வாங்குவதற்காகப் பெயர் தைக்கும் கூலியையும் விட்டுவிட்டார். நாங்கள் பாங்கொக்கில் பேரம் பேசியிருந்தால் இது கிடைத்திருக்காது. அந்தப் பணம் அந்த ஊரிலேயே தங்கியதும் நல்லதுதானே.

மே மாதம் முதல் வாரத்தில் உம்மாவும் நானும் பாவோடு போனோம். நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தது. வளைவுகளைப் பற்றி மறுபடி எழுதவில்லை.

விழா எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய காகிதப் பையை வகுப்பாசிரியை மேசையில் வைத்துக் கூப்பிட்டுக் கொடுத்தார், பாடப்புத்தகம் கொடுப்பதைப் போல. நாங்கள் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தோம். யார் நாங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உம்மாவின் பர்தாவைத்தான் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு வீட்டு உடையில் வந்திருந்த பெண்பிள்ளைகள் பலர் அந்த நீண்ட வெள்ளை அங்கியில் இருந்தார்கள். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை. ஒரு கணம் நமது முஸ்லிம் பாடசாலையின் காலைக்கூட்டம் மாதிரி இருந்தது. உம்மாவின் கையைச் சுரண்டிக் காட்டினேன். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியை அளவுநாடா வைத்து 64 பேரின் நெஞ்சளவும் இடுப்பளவும் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு சட்டைகூடப் பிழைக்கவில்லை. ஆனால் பின்னேரம் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். சட்டையைப் பிள்ளையின் மேல் வைத்துப் பார்த்தார்கள். முகம் வாடிவிட்டது. மெதுவாக ஆசிரியையிடம் ஏதோ சொன்னார்கள். விடயம் இதுதான்: பிள்ளைக்குச் சரியான அளவில் யாராவது சட்டை வாங்குவார்களா? இரண்டு அளவு பெரிதாக வாங்கினால்தானே இரண்டு வருடம் போடலாம்! கடைக்காரி வாக்குக் கொடுத்தபடி நாற்பதுக்கு மேற்பட்ட சட்டைகளை மாற்றிக்கொடுத்தார். பெயரைத் தைத்திருந்ததால் அவருக்கு நட்டம்தான். எங்களிடம் மிச்சமிருந்த 200 பாத்தை உம்மா அவர் கையில் வைத்தார். அவர் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அளவு கேட்டோம். ஆனால் அளவுநாடாவிடம் கேட்டிருக்கிறோம், தாயிடம் கேட்கவில்லை. நமது வீட்டிலும் பெருநாளுக்கு உம்மாமார் என்ன அளவில் வாங்குகிறார்கள் என்பதை யோசித்திருந்தால் இது முன்பே விளங்கியிருக்கும்.

இதையெல்லாம் எங்கோ இருக்கும் நாட்டின் கதையாக எண்ணிவிட வேண்டாம். இலங்கையில் அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் அந்த வருடம் காலைக்கூட்டத்தில் நின்றது எங்கோ முகம் தெரியாத மக்களின் பணத்தில் நெய்த வெள்ளையில்தான். அவர்களில் ஒருவரைக்கூட அது சங்கடப்படுத்தவில்லை. காரணம், துணி புதிதாக வந்தது, எல்லோருக்கும் வந்தது, வெட்டித் தைக்கும் அளவு நம் உம்மாவின் கையில் இருந்தது.

ஆகவே பெற்றோரிடமும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். வகுப்பறை மூலையில் இருக்கும் பெட்டியை எடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக, நாம் உதவ நினைக்கும் பாடசாலையின் ஓர் ஆசிரியையிடமும் ஒரு தாயிடமும் பேசுவோம். வேண்டாதது எது என்று முதலில் கேட்போம். மாணவி ஒருத்திக்கு 50 ரூபா என்றாலும் காசாகச் சேர்ப்போம், அந்த ஊர்க் கடையில் வாங்குவோம். பழைய உடுப்பு கொடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. தங்கைக்கும் மச்சிக்கும் நாம் கொடுத்து வாங்குவதில்லையா? ஆனால் அது முகம் தெரிந்தவர்களுக்கு இடையில் நடப்பது. ‘இது எனக்கு வேண்டாம் ராத்தா’ என்று தங்கை சொல்லலாம். களஞ்சிய அறையில் மூட்டையைப் பிரிக்கும் ஆசிரியை அப்படிச் சொல்ல முடியாது. அவர் நன்றிதான் சொல்வார்.

அடுத்த வருடம், 2019இல், உம்மா ஏப்ரல் மாதமே மலைக்குத் தொலைபேசி எடுத்தார். இம்முறை பணம் கொஞ்சம் அதிகமாகச் சேரும்போல இருந்தது. பதாகை கேட்டவரும் ஒன்றும் பேசாமல் வந்து கொடுத்திருந்தார். ஆசிரியை பேசி முடித்ததும் உம்மா எழுதிக்கொண்ட பட்டியல் கொப்பியில் இருக்கிறது. சீருடை இந்த வருடம் வேண்டாம், போன வருடத்துச் சட்டை இப்போதுதான் பிள்ளைகளுக்குப் பொருந்தி வருகிறது. புதிதாக முதலாம் வகுப்புக்கு வரும் ஒன்பது பேருக்கு மட்டும் போதும். மற்றவர்களுக்கு வெள்ளைப் பொத்தான், பாவாடைக்கு இலாஸ்டிக், நீல நூல்.